கட்டி முடியும்வரை பறக்க ஒரு பழைய விமானம்

டேட்டன், ஓஹாயோ, அமெரிக்கா

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் அம்மாவும் நலம்தானே. போனில் பேசும்போது, "ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை எதற்கு வாங்கினாய்? அதுவும் அப்பா பிறந்த காலத்து விமானத்தை?" என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது விவரமாகப் பேசவில்லை. பட்டறையில் இத்தனை வருஷம் இரும்போடு பழகியவர் நீங்கள். உங்களுக்கு இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில் கராஜில் கட்டிக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். அது ஆர்வி-9ஏ. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், முழுக்க அலுமினியம். ஒரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் வான்ஸ் நிறுவனம் பாகங்களைப் பெட்டிபெட்டியாக அனுப்புகிறது. வால் பகுதி முதலில் வரும், பிறகு இறக்கை, பிறகு உடல், இன்ஜின் கடைசியில். வாலை முடித்துவிட்டேன், இப்போது இறக்கையில் இருக்கிறேன். ஒவ்வொரு துளையையும் துளைத்து, பிசிறு எடுத்து, ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமரும்படி குழித்து, பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் ரிவெட் அடிக்க வேண்டும். அடித்த பிறகு ரிவெட்டின் பின்பக்கம் தண்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு விரிந்திருக்க வேண்டும், உயரம் தண்டின் குறுக்களவில் பாதி இருக்க வேண்டும். இல்லையென்றால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். வெளியே நான் ரிவெட் அடிக்கும் கன்னைப் பிடிக்க, உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிப்பது என் மனைவிதான். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், அண்ணா. எரிபொருள் தொட்டிக்கு ரிவெட்டோடு ஒரு கறுப்புப் பசையும் பூச வேண்டும். மூடிய பிறகு பலூனைப் பொருத்திக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கிறோம். உங்களுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

இந்த நாட்டு விதிப்படி, பெரும்பகுதி வேலையை, கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ, கட்டுபவரே செய்திருந்தால்தான் அதற்கு வீட்டில் கட்டிய விமானம் என்ற சான்று கிடைக்கும். காசு கொடுத்து வேறு ஒருவரைக் கட்டச் சொன்னால் கிடைக்காது. சான்று வந்ததும் "எக்ஸ்பெரிமென்டல்" (பரிசோதனை விமானம்) என்று கதவருகே எழுதிவைக்க வேண்டும். பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறித்துக் கொடுத்த பகுதிக்குள் பறந்து சோதிக்க வேண்டும். கட்டியவர் விண்ணப்பித்தால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடும் உரிமையும் உண்டு. எனக்கு இதில் உள்ள பெரிய ஈர்ப்பே அதுதான்.

ஆனால் மாலை நேரமும் வார இறுதியும் மட்டுமே உள்ளவனுக்கு இது பல வருஷ வேலை. அந்த வருஷங்களில் பறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இங்கே விமானக்கூடங்களில் பழகும்போது அதைப் பார்த்தேன். கையில் இருந்த விமானத்தை விற்று, அந்தப் பணத்தில் கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பை (கிட்) வாங்கி, ஐந்தாறு வருஷம் கராஜிலேயே கிடந்தவர்கள் இருக்கிறார்கள். விமானம் தயாரான அன்று ஓட்டுகிறவர் தயாராக இல்லை. சிலர் பாதியிலேயே விற்றுவிட்டார்கள், ஏனென்றால் எதற்காகக் கட்டத் தொடங்கினோம் என்பதே அவர்களுக்கு மங்கிவிட்டது. இங்குள்ள தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்விலும், வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் பெரும் பங்கு அவை பறக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்தில் நடப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஜின் சக்தி இழப்பதும், ஓட்டுகிறவர் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முக்கியக் காரணங்கள். முதல் காரணத்துக்குக் கராஜில் வேலை பார்க்கலாம். இரண்டாவதற்குக் கராஜில் எதுவும் செய்ய முடியாது, வானத்தில்தான் முடியும். பழைய விமானத்தை வாங்கியது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஹஃப்மன் புல்வெளி இருக்கிறது. ரைட் சகோதரர்கள் 1904-லும் 1905-லும் பறந்து பழகிய இடம். கிட்டி ஹாக்கில் 1903-ல் முதலில் பறந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உண்மையில் ஓட்டக் கற்றது இங்கேதான். கட்டுவார்கள், பறப்பார்கள், எது சரியில்லை என்று பார்த்து மறுபடி கட்டுவார்கள். 1905 அக்டோபர் 5-ம் தேதி வில்பர் இதே புல்வெளியைச் சுற்றிச் சுற்றி 39 நிமிடம் பறந்தார். அந்த இடத்தில் போய் நின்றால் கட்டுவதும் பறப்பதும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். வேலை விசாவில் இருந்த காலத்திலேயே பறக்கக் கற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டவர் பயிற்சி தொடங்கும் முன் கைரேகை கொடுத்து, போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்தது. ஆனால் ஒரு விமானத்தை நேராக என் பெயரில் பதிவு செய்ய, குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் எவ்வளவு காலம் காத்திருக்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். கார்டு வந்த பிறகு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவகத்துக்கு விற்பனைப் பத்திரத்தையும் விண்ணப்பத்தையும் அனுப்பினேன். பதிவுக் கட்டணம் 5 டாலர்தான். பதிவுச் சான்றில் என் பெயரைப் பார்த்தபோது, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து கிடைக்காத ஒரு நிம்மதி கிடைத்தது.

வாங்கியது ஏரோன்கா சாம்பியன், 1946-ல் செய்தது. இங்கே எல்லோரும் "சாம்ப்" என்றுதான் சொல்வார்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் வீரர்கள் எல்லோரும் விமானம் வாங்குவார்கள் என்று நம்பி, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்த நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்து தள்ளினார்கள். அடுத்த வருஷமே சந்தை சரிந்துவிட்டது. இன்று என்னைப் போன்ற சம்பளக்காரன் ஒரு விமானம் வைத்துக்கொள்ள முடிவதற்கு அவர்களின் அந்தத் தப்புக் கணக்கும் ஒரு காரணம். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைப் புதிதாக வாங்க நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இதை ஒரு நல்ல புதுக் காரின் விலைக்குள் வாங்கிவிட்டேன்.

விலை குறைவு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அண்ணா. விற்பவருக்குப் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், அதன் மேல் துணி. வால் தரையில் படிந்து நிற்பதால் தண்ணீர் இறங்கி அடிக்குழாய்கள் பின்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே கூர்முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். இறக்கையைத் தாங்குவது ஸ்ப்ரூஸ் மர உத்தரம். எப்போதாவது இறக்கை நுனி தரையில் அடித்திருந்தால் மரத்தின் நார்கள் நசுங்கி மயிரிழையாக வெடிப்பு விழுந்திருக்கும். வெளியே தெரியாது. சோதனைத் துளைகள் வழியாகக் கண்ணாடியும் விளக்கும் விட்டு, இரண்டு இறக்கைகளையும் முழுக்கப் பார்த்தார். சிலிண்டர்களின் அழுத்தம், துணியின் வலு எல்லாம் பார்த்தார். நான் விமானத்தின் சோதனைகளையும் பழுதுபார்ப்பையும் எழுதிவைக்கும் லாக் புத்தகங்களோடு உட்கார்ந்தேன். பெரிய பழுதுபார்ப்புகள் பற்றிய அரசுப் பதிவுகளை வரவழைத்து, புத்தகத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டேன். முதல் புத்தகத்தில் மசி மங்கிய கையெழுத்துகள். இத்தனை பேர் இதைக் கவனமாகப் பார்த்து, தேதி போட்டு, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். வயதைக் கேட்டுப் பயப்படும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இனியும் ஒவ்வொரு வருஷமும் அதற்கான உரிமம் உள்ளவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இது பறக்கலாம்.

இன்ஜின் 65 குதிரைத்திறன் கான்டினென்டல். பாட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. தீப்பொறி, இன்ஜின் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து வருகிறது, அதனால் புரொப்பல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். வாலைக் கயிற்றில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உள்ளே விவரம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்த பிறகுதான் அந்தப் பக்கம் கை வைக்கிறேன். இதில் எந்த அவசரமும் கிடையாது. மின்சாரம் இல்லாமலே பிறந்த விமானம் என்பதால் 2020-ல் வந்த மின்னணு அடையாளக் கருவி விதியிலிருந்து இதற்குப் பெருமளவு விலக்கு உண்டு. டேட்டன் பெரிய விமான நிலையத்தின் வான்வெளிப் பக்கம் போக மாட்டேன். சோள வயல்களுக்கு மேல், புல் ஓடுபாதைகளுக்கு இடையே பறப்பதுதான்.

வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர் சுமார். நெடுஞ்சாலையில் சில கார்கள் கூடவே வரும். ஆனால் கற்றுக்கொடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. வால் சக்கரம் உள்ள விமானத்தைத் தரையிறக்கும்போது மூக்கு ஒரு நூல் விலகினாலும் வாலில் உள்ள ரடரை (திசை திருப்பும் தகட்டை) இயக்கும் மிதியில் கால் உடனே பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வால் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். இதற்குத் தனியாக ஆசிரியரிடம் பயின்று கையெழுத்து வாங்க வேண்டும், வாங்கினேன். ஆர்வி வேகமானது, அதற்கு மூக்குச் சக்கரம் உண்டு. அதை முதலில் எடுக்கும் முன் அதே வகை விமானத்தில் ஒரு ஆசிரியரோடு பறந்துவிட்டுத்தான் எடுப்பேன். ஆனாலும் சாம்பில் பழகிய காலும் காற்றைப் பற்றிய அறிவும் வீண்போகாது. இன்ஜின் நின்றாலும் 60 கிலோமீட்டர் வேகம் வரை மெதுவாக்கி ஒரு வயலில் இறங்கிவிடக்கூடிய விமானம் இது. ஓஹாயோவில் வயலுக்குக் குறைவில்லை.

இன்னொன்று, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இது செய்யப்பட்ட தொழிற்சாலை மிடில்டவுனில் இருந்தது, இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். அந்த விமான நிலையத்தில் இதைக் கொண்டுபோய் இறக்கினேன். தன்னைச் செய்த ஊரிலேயே இன்னும் பறந்துவந்து இறங்குகிறது. நான் ரிவெட் அடிப்பதும் இத்தனை வருஷம் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியாக வந்தது. அன்று இரவே கராஜுக்குப் போய், பரவாயில்லை என்று விட்டிருந்த இரண்டு ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து மறுபடி அடித்தேன்.

இதனால் கட்டும் வேலை தாமதமாகிறதா என்றால், ஆகிறது. வெயில் நன்றாக இருக்கும் சனிக்கிழமைகளில் இறக்கைப் பக்கம் போவதில்லை. குளிர்காலம் நீளம், அப்போது கராஜில் ஹீட்டர் போட்டு வேலை நடக்கும். ஒரு வருஷம் கூடினாலும் எனக்குச் சம்மதம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடன் வாங்கவில்லை. மணிக்குச் சுமார் 16 லிட்டர் எரிபொருள், விமானக்கூட வாடகை, காப்பீடு, வருடாந்திரச் சோதனை எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் பார்த்துத்தான் இறங்கினோம்.

ஜூலையில் நீங்கள் வர முடிந்தால் நன்றாக இருக்கும். விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் அப்போதுதான் ஆண்டுதோறும் விமானக் கூட்டம் நடக்கும். வீட்டில் கட்டியவர்களுக்காக பால் போபரெஸ்னி 1953-ல் தொடங்கிய சங்கம் நடத்துவது. விமானத்தை நிறுத்திவிட்டு அதன் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கட்டியவர்களிடமே ஒவ்வொரு இணைப்பைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விசா நேர்காணலுக்கு இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். அழைப்புக் கடிதம் தனியாக அனுப்புகிறேன்.

அப்புறம், சாம்ப் மொத்தம் 553 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. விமானத்தின் எடையும் நிறைந்த தொட்டியும் போக, நம் இருவருக்கும் சேர்த்து 170 கிலோ வரைதான். உங்கள் எடையைப் பார்த்து எழுதுங்கள், அதற்கேற்ப எரிபொருள் கணக்குப் போட்டு வைக்கிறேன். பின் இருக்கையிலும் விமானத்தை ஓட்டும் ஸ்டிக் இருக்கிறது.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி