அந்தக் காந்தச் சோதனை பற்றி

அன்பு மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். என் பக்கம் பெரிய செய்தி இல்லை, அலமாரியை ஒழித்தபோது, மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளைக் காந்தமாக வைத்து அதற்குள் பாக்டீரியா வளர்த்தோமே, அந்தச் சோதனையின் பழைய நோட்டு கிடைத்தது என்பதைத் தவிர. அதனால்தான் உன் பேத்தியிடம் "காந்தம் வைத்தால் பாக்டீரியா வேகமாக வளரும், நாங்களே செய்து பார்த்தோம்" என்று நீ சொன்னதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

நோட்டை முழுக்கப் புரட்டினேன். மின்னோட்டம் எழுதியிருக்கிறோம், நேரம் எழுதியிருக்கிறோம், கம்பிச்சுருளுக்குள் வெப்பம் எவ்வளவு என்று ஒரு வரி கூட இல்லை. இன்குபேட்டர், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் சூட்டுப்பெட்டி, 30 டிகிரி காட்டியது, அதோடு விட்டுவிட்டோம். மின்சாரம் ஓடும் சுருள் சூடாகாமல் இருக்குமா? கணக்குப் போட்டுப் பார். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற ஈ.கோலை பாக்டீரியா, ஒன்றிரண்டு டிகிரி சூடு கூடி 27 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், 5 மணி நேரத்தில் 10 தடவை என்பது 11 தடவை ஆகிவிடும், அவ்வளவுதான், ஆனால் எண்ணிக்கை இரண்டு மடங்கு. நாம் துள்ளிக் குதித்த வித்தியாசமும் ஏறக்குறைய அதே அளவுதான்!

காந்தத்தை எந்த உயிரும் உணராது என்றும் சொல்லவில்லை. 1963-இல் இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தில் பெல்லினி என்பவர், நீரில் சில பாக்டீரியாக்கள் எப்போதும் வடக்கு நோக்கியே நீந்துவதைக் கவனித்தார். 1975-இல் அமெரிக்காவில் பிளேக்மோர் அதைத் தனியாகக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவற்றின் உடலுக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தின் துகள்கள், பெரும்பாலும் நூறு நானோமீட்டருக்குள் அடங்குகிறவை, மணிமாலை போல வரிசையாக. வடகோளத்தில் பூமியின் காந்தப்புலம் வடக்கே போகப் போகக் கீழ்நோக்கிச் சாய்வதால், அதைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜன் குறைந்த சேற்றுப் பக்கம் இறங்குகின்றன. செத்துப்போனது கூடத் திசைகாட்டி முள் மாதிரி திரும்பும்! ஆனால் திருப்புவது வேறு, வளர்ப்பது வேறு. ஈ.கோலையிடம் அந்த மாலையும் கிடையாது.

சாதாரண பாக்டீரியாவைப் பற்றி வந்த ஆய்வுகளில் ஒன்று வளர்ந்தது என்கிறது, இன்னொன்று குறைந்தது என்கிறது, மூன்றாவது மாற்றமே இல்லை என்கிறது. புலத்தின் பலம், இனம், நேரம் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு இதில் பாதிக்கு மேல் நம் நோட்டு மாதிரியே தோன்றுகிறது, கடுமையாகச் சொல்கிறேனோ என்னவோ.

சரி, பேத்தி செய்தே தீருவேன் என்றால் ஈஸ்டை வைத்துச் செய்யட்டும், வீட்டில் ஈ.கோலை வேண்டாம். இரண்டு கம்பியைச் சேர்த்தே சுற்றச் சொல். மின்சாரம் இரண்டிலும் ஒரே பக்கம் ஓடினால் புலம் இருக்கும், எதிரெதிராக ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றொன்று இல்லாமல் செய்துவிடும், சூடு மட்டும் மாறாது. இரண்டு விதமாகவும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அப்புறம், எண்ணுகிறவருக்கு எது புலத்தில் வைத்தது, எது வைக்காதது என்று தெரியக் கூடாது. அன்றைக்கு எண்ணியது நான்தான், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்புடன்,
சேகர்