ஃபார்ம்ல கையெழுத்து கேக்குறீங்க, கூட ஒரு ஆளை அனுப்புங்க

நம்ம செமினரி பிரின்சிபால் ஐயாவுக்கும், ஊழியப் பயிற்சிக் கமிட்டில இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் கர்த்தருடைய நாமத்தில ஸ்தோத்திரம்.

மெஸ் பக்கத்து போர்டுல போன வாரம் ஒட்டின சர்க்குலரை எல்லாரும் படிச்சுட்டோம். வார இறுதில பயிற்சிக்காக சபைகளுக்குப் போய்ச் செய்யுற ஊழியத்தோட ரிப்போர்ட் திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள பாஸ்டர் கையெழுத்தோட வந்துடணும், வரலேன்னா ஃபீல்டு ஒர்க் மார்க் கட், திரும்பத் திரும்ப லேட் ஆனா பரீட்சையே எழுத முடியாது. சரிங்க ஐயா, ஒழுங்கு வேணும்தான், யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா அந்த ஃபார்மை நீங்களே ஒருதடவை கையில எடுத்துப் பாருங்க. சந்திச்ச வீடு எத்தனை, கொடுத்த கைப்பிரதி நோட்டீஸ் எத்தனை, செய்தி கொடுத்தது எத்தனை தடவை, ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவங்க எத்தனை பேர். எல்லாமே எத்தனை எத்தனைதான். கூட யார் வந்தா, யார் சொல்லிக்கொடுத்தா, என்ன கத்துக்கிட்டன்னு கேக்குறதுக்கு ஒரு கட்டம்கூட இல்ல.

நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஊழியத்துக்கு அனுப்புறப்ப கூட ஒருத்தரை அனுப்புங்க. வாரா வாரம் வேணாம், மாசத்துக்கு ஒருதடவையாவது.

போன மாசம் நடந்தது உங்க காதுக்கு வந்திருக்கும், முழுசா வந்திருக்குமான்னு தெரியல. வடசென்னைல ஒரு சபைக்குப் போற நம்ம ரெண்டாம் வருஷத் தம்பி. சனிக்கிழமை ராத்திரி சபை விசுவாசி ஒருத்தர் மாரடைப்புல போயிட்டாரு, சின்ன வயசு, ரெண்டு பிள்ளைங்க. பாஸ்டர் வெளியூர் கன்வென்ஷன்ல இருக்காரு. போன்லயே "தம்பி நீ அங்கதான இருக்க, பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டாரு. தம்பி போறான். தெருவை அடைச்சு ஷாமியானா, வாசல்ல ஃப்ரீசர் பாக்ஸ், அந்தம்மா அழுதழுது குரலே வரல, செத்தவரோட அண்ணன்மாரு சபைக்கு வராதவங்க, மேளத்துக்குச் சொல்லியாச்சு, மாலை வந்தாச்சு, எங்க தம்பியை எங்க முறைப்படிதான் எடுப்போம்னு நிக்கிறாங்க. அந்தம்மா கல்லறைக்குத்தான் கொண்டுபோகணும், அதான் அவரு ஆசைங்குறாங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து "இதோ பாஸ்டர் வந்துட்டாரு, அவரே சொல்லட்டும்"னு இவன் மூஞ்சியைப் பார்க்குது. பாஸ்டராம்! இன்னும் மீசை ஒழுங்கா வளரல. கிரேக்க இலக்கணத்துல கிளாஸ்லயே முதல் மார்க் அவன்தான், அதை வெச்சு அந்த வாசல்ல என்ன பண்றது?

சபை லெட்டர் இல்லாம கல்லறைல இடம் தரமாட்டாங்கன்னு அங்க போய்த்தான் அவனுக்குத் தெரியுது. லெட்டர்ஹெட் பாஸ்டர் ரூம் பீரோவுல, பீரோ சாவி பாஸ்டரோட கன்வென்ஷன்ல. டாக்டர்கிட்ட இருந்து இறப்புக்குச் சர்டிபிகேட் வாங்கணும், குடும்பக் கல்லறையைத் திறக்கணும்னா பழைய ரசீதைத் தேடணும், இதெல்லாம் நம்ம சிலபஸ்ல எந்தப் பேப்பர்ல வருதுன்னு எனக்கும் தெரியல. கடைசில சபையில இருக்கிற ஆட்டோ ஓட்டுற தாத்தா ஒருத்தர்தான் அந்த அண்ணன்மாரைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்து, மேளம் தெருமுனை வரைக்கும் வரட்டும், மாலை எல்லாரும் போடுங்க, அதுக்கப்புறம் பாட்டும் ஜெபமும்னு பேசி முடிச்சாரு. தம்பி அவர் பின்னாடியே நின்னு பார்த்துட்டு இருந்திருக்கான். அன்னிக்கு அவனுக்கு நடந்த ஒரே கிளாஸ் அதுதான்.

திங்கக்கிழமை ஃபார்ம் கொண்டுபோய் வெச்சான். சந்திச்ச வீடு 1, கைப்பிரதி 0. ஆபீஸ்ல "என்னப்பா, ரெண்டு நாளும் ஒரே வீடா?"ன்னு கேட்டாங்களாம். அவன் அந்த வாரம் முழுக்க சரியாத் தூங்கல, சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பான். அவனை உக்கார வெச்சு என்ன ஆச்சு தம்பின்னு கேக்க ஒரு ஆள் இல்ல ஐயா. ஆண்டவர் சீஷர்களை ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பினாரு, திரும்பி வந்து செஞ்சது எல்லாத்தையும் சொன்னப்ப, தனியா வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கன்னு கூப்பிட்டாரு, மாற்கு 6ம் அதிகாரம், நீங்க எங்களுக்கு நடத்தினதுதான். நாங்க ஒத்தை ஒத்தையாப் போறோம், திரும்பி வந்தா ஃபார்ம் நிக்குது.

எண்ணிக்கைன்னே போனா இங்கிலாந்துல இருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி நிலைமை என்ன ஆகியிருக்கும்? 1793ல கல்கத்தா வந்தாரு, அவரோட ஊழியத்துல வங்காளி இந்துக்கள்ல முதல் ஆளா கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர்ல, செராம்பூர்ல ஹூக்ளி ஆத்துல. ஏழு வருஷம்! நம்ம ஃபார்ம் அவரு கையில கிடைச்சிருந்தா ஏழு வருஷமும் ஒப்புக்கொடுத்தவங்க கட்டத்துல கிட்டத்தட்ட பூஜ்யம்தான் போட்டுக் கொடுத்திருப்பாரு, நாமளும் மார்க்கைக் கட் பண்ணி பரீட்சை எழுத விடாம வெச்சிருப்போம். 1818ல செராம்பூர் காலேஜை ஆரம்பிக்க ஆள் இருந்திருக்க மாட்டாரு.

ஞானஸ்நானம்னதும் ஞாபகம் வருது. முழுக்கு ஞானஸ்நானம் ஏன்னு பக்கம் பக்கமா அசைன்மென்ட் எழுதியாச்சு. தொட்டிக்குள்ள இடுப்பளவு தண்ணில நின்னு, நம்மளைவிட கனமான ஆளை எப்படிப் பிடிச்சு சாய்க்கணும், மூக்கை அவர் பிடிக்கணுமா நாம பிடிக்கணுமா, தூக்குறப்ப கால் வழுக்காம எங்க ஊணணும், இதை இறங்கிக் காட்டினவங்க யாரும் இல்ல. நர்சிங் படிக்கிற பொண்ணு முதல் ஊசி போடுறப்பகூட பக்கத்துல ஒரு சிஸ்டர் நிக்கிறாங்க.

எல்லா பாஸ்டரையும் குறை சொல்லல. ஆவடிப் பக்கம் ஒரு பாஸ்டர், பசங்களை பைக்ல பின்னாடி உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. தலைமாட்டுல நின்னு குனிஞ்சு பேசாத, நோயாளி உன்னைப் பார்க்கிற மாதிரி நில்லு, நீளமா ஜெபம் பண்ணாத, அவங்க களைச்சுப் போயிருக்காங்க, வெளிய வந்ததும் கூட இருக்கிறவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுன்னு வழியிலயே சொல்லிட்டு வருவாரு. அந்த சபை கிடைக்கணும்னு பசங்க நடுவுல போட்டியே நடக்கும். மத்த இடத்துல நாங்க கத்துக்கிட்டது சேர் அடுக்குறது, சவுண்ட் மிக்ஸர்ல வயர் மாட்டுறது, பாட்டு வரியை ஸ்கிரீன்ல ஓட்டுறது, பாஸ்டர் பையனை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர்றது. அதையும் செய்றோம், ஊழியம்னுதான் செய்றோம், ஆனா அந்த ஃபார்ம்ல அதுக்கும் கட்டம் கிடையாது! நாகாலாந்துல இருந்து வந்த நண்பனுக்குத் தமிழ் தெரியாது, எந்த சபைக்குப் போனாலும் கிட்டாரைக் கையில கொடுத்துடுறாங்க, அவன் ஊர்ல அவங்கப்பா சபையில பிரசங்கம் பண்ணவன். கூடப் படிக்கிற அக்காமாருக்கு எத்தனை வருஷம் படிச்சாலும் சண்டே ஸ்கூல், மே மாசம் ஆனா பிள்ளைங்களுக்கு வி.பி.எஸ்.ங்கிற லீவு கால பைபிள் கிளாஸ், அவ்வளவுதான். நல்ல பிரசங்கம் பண்றவங்க இருக்காங்க, சாப்பல்ல நீங்களே கேட்டிருக்கீங்க.

இன்னொண்ணு. பாப்டிஸ்ட் சபைன்னா அங்கத்தினர் எல்லாருக்கும் ஓட்டு, சபைக் கூட்டத்துல வெச்சுப் பேசித்தான் எதையும் முடிவு பண்ணணும், பிஷப் மேல இருந்து ஆணை அனுப்புற வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாதுன்னு சபை வரலாறு கிளாஸ்ல எவ்வளவு பெருமையாச் சொல்லிக்கொடுத்தீங்க. அந்த சர்க்குலருக்கு யார் கை தூக்கினாங்க ஐயா? ஸ்டூடன்ட் ரெப்ரசன்டேடிவுக்கே போர்டைப் பார்த்துத்தான் தெரியும்.

சரி, கோவம் பேச வைக்குது, மரியாதை குறைஞ்சிருந்தா பொறுத்துக்கோங்க. வேலைப்பளு உங்களுக்கும் இருக்கு, ஆள் பத்தாக்குறைன்னும் தெரியும். ஆனா ரிட்டயர் ஆன பாஸ்டர்மாரு எத்தனையோ பேர் பெரம்பூர்லயும் அயனாவரத்துலயும் வீட்டுல இருக்காங்க, கூப்பிட்டா சந்தோஷமா வருவாங்க, மாசத்துக்கு ஒரு ஞாயிறு எங்ககூட வந்து பார்த்துட்டு எது சரி எது தப்புன்னு சொன்னாப் போதும். திங்கக்கிழமை முதல் பீரியடை ரிப்போர்ட் வாங்கிறதுக்குப் பதிலா உக்காந்து பேசறதுக்கு விடுங்க. சாவு வீட்டுக்கு மட்டுமாவது ஸ்டூடன்ட்டைத் தனியா அனுப்பக் கூடாதுன்னு சபைகளுக்கு ஒரு லெட்டர் போடுங்க. இதுக்கு எவ்வளவு செலவு ஆகிடும்? அடுத்த செமஸ்டர் ஊழிய சபை லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, அந்த லிஸ்ட்ல எங்க பேருக்குப் பக்கத்துல கூட வர்றவங்க பேரும் இருக்கிற மாதிரி செய்யுங்கன்னு தாழ்மையாக் கேட்டுக்குறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
இறுதியாண்டு மாணவர்கள் சார்பாக ஒருவன்

பி.கு.: போன செமஸ்டர் ஊழியத்துக்குப் போய் வந்த பஸ், டிரெயின் காசு இன்னும் வரல. லேட் ரிப்போர்ட்டுக்கு மார்க் கட்டுன்னா, அதையும் ஆபீஸ்ல கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க ஐயா.