ஏரிக்கு அடியில் ஒரு படகு

பர்லிங்டன், வெர்மாண்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது. மளிகை தீர்ந்தால் எல்லை தாண்டி மான்ட்ரியலுக்குப் போகிறோம். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகள் நிறைய. முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, விலையைத்தான் கேட்கக் கூடாது.

ஏரி எப்படி என்று போனில் கேட்டீர்கள். சாம்ப்ளேன் என்று பெயர், தெற்கு வடக்காக 120 மைல் நீளம். படகு கட்டியவர் நீங்கள், அதனால் ஏரியைவிட அதன் அடியில் கிடப்பதைத்தான் சொல்ல ஆசை.

ஃபீனிக்ஸ் என்ற நீராவிப் படகு. 1815-ல் பக்கத்திலுள்ள வெர்ஜென்ஸ் ஊரில் கட்டியது. முழுக்க மரம், 146 அடி நீளம், இருபுறமும் துடுப்புச் சக்கரம். தெற்கே வைட்ஹாலிலிருந்து கனடாப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் வரை ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியது.

1819 செப்டம்பர் 4 இரவு எங்கள் ஊரிலிருந்து பிளாட்ஸ்பர்க்குக்குக் கிளம்பியிருக்கிறது. கேப்டனுக்கு உடம்பு சரியில்லை, அவர் மகன் ரிச்சர்ட் ஷெர்மன் ஓட்டினான். வயது 22. நள்ளிரவு தாண்டியதும் சாமான் அறையில் தீ. அணைக்காமல் விட்ட மெழுகுவர்த்திதான் காரணம் என்றார்கள். தொழில் போட்டியில் யாரோ வைத்த தீ என்ற பேச்சும் உண்டு. நீராவி வந்ததில் பாய்ப்படகுக்காரர்களின் பிழைப்பு கெட்டது, அதனால் அந்தப் பேச்சு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

தப்பிக்க இருந்தவை இரண்டே சின்னப் படகுகள். அவற்றில் ஒன்று இன்னும் இடம் இருக்கும்போதே விலகிப் போய்விட்டது. எனக்கு இதுதான் ஆறவில்லை. மிஞ்சியவர்கள் கையில் கிடைத்த பலகையோடு தண்ணீரில் குதித்தார்கள். ஆறு பேர் இறந்துபோனார்கள்.

எரிந்துகொண்டே மிதந்த படகு கால்செஸ்டர் பாறைத்திட்டில் தட்டி நின்றது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்ததெல்லாம் சாம்பல். இயந்திரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அடிப்பாகம் பாறைச் சரிவில் இறங்கி மூழ்கிவிட்டது. 1978-ல்தான் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். முன்பக்கம் 60 அடி ஆழத்தில், பின்பக்கம் 110 அடியில்.

இத்தனை வருஷம் மரம் எப்படி நின்றது என்றுதானே கேட்பீர்கள்? நம் கடலில் மரத்தைப் புழு துளைத்துவிடும். இது நல்ல தண்ணீர், அந்தப் புழு இங்கே கிடையாது. ஆழத்தில் கோடையிலும் கடுங்குளிர், வெளிச்சமும் குறைவு. என்னோடு வேலை செய்யும் ஒருவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். அடிமரமான ஏராவும், அதிலிருந்து விலா எலும்பு மாதிரி வளைந்து எழும் வங்குகளும் அப்படியே இருக்கின்றன, வங்குகளின் மேல்முனை மட்டும் கரியாகக் கருத்திருக்கிறது என்றார்.

1985 முதல் மாநில அரசே அதை முக்குளிப்பவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மேலே மஞ்சள் மிதவை கட்டியிருக்கிறார்கள். வருகிற படகை அதில்தான் கட்ட வேண்டும், நங்கூரம் போட்டால் மரம் போய்விடும் அல்லவா? ஆனால் 1990-களில் வெளியிலிருந்து இந்த ஏரிக்குள் வந்த வரிக்குதிரை மட்டி என்ற சின்னச் சிப்பி இப்போது மரத்தின் மேலெல்லாம் ஒட்டி வளர்கிறதாம். அதைச் சுரண்டினால் மரமும் சேர்ந்து பெயரும் என்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது வழி தோன்றினால் சொல்லுங்கள், இறங்கிப் பார்த்த அந்த நண்பரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம், அத்தையின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா? பணம் இந்த வாரமே அனுப்புகிறேன். தம்பியை போன் பண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்