வெறும் வயிற்றில் ஊதாதே

செங்காங், சிங்கப்பூர்,
வியாழன் இரவு

அன்புள்ள கயல்,

கைப்பேசியில் எது கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் திரும்பி வருகிறது. அதனால் தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். வகுப்புக்கு நடுவில் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

இங்கே எல்லாரும் நலம். தம்பி சனிக்கிழமை தேசிய சேவை ராணுவப் பயிற்சியிலிருந்து, தெக்கோங் தீவிலிருந்து வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டிப்போய் நின்றான். உன் அம்மா ஒரு வாரச் சமையலை ஒரே வேளையில் அவன் தட்டில் வைத்தாள். எதிர்வீட்டு மலாய் அம்மா, நம் மக்சிக், உன்னைக் கேட்டார். நீ போனதிலிருந்து தாழ்வாரம் வெறிச்சென்று இருக்கிறதாம். நீ ஊதும் சத்தத்தைப் பற்றி மேல்மாடிக்காரர் புகார் எழுதிய அந்த நாளில் உனக்காகப் பரிந்து பேசியது அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு வரியாவது எழுது.

உன் ஜாஸ் குழுவின் ஒலிப்பதிவு நாட்களில் நன்றாகச் சாப்பிடு. வெறும் வயிற்றில் ஊதாதே. தாத்தா கோயிலுக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் நாயனத்தைத் தொடமாட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

ஸ்டூடியோவில் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று தேடிப் படித்தேன். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிராம்போன், நான்கு டிரம்பெட், அதோடு பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். பெரும்பாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்களாம். ஒருவர் ஊதுவது பக்கத்தில் இருப்பவரின் மைக்கிலும் விழுமாம். அதனால் ஒருவர் பிசகினால் அந்தப் பிசகை மட்டும் தனியே எடுத்துவிட முடியாது, பாதி நேரம் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். டிரம்ஸை மட்டும் கனமான கதவு போட்ட சிறிய அறையில் அடைத்துவிடுவார்களாம். அதைப் படித்ததும் நம் வீட்டின் குண்டுவீச்சுப் புகலிட அறைதான் நினைவுக்கு வந்தது. அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில், இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க இளையர் விழாவுக்குப் பயிற்சி செய்தாயே. அப்போது ஒருநாள்கூட நான் கதவைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. தேர்வுக்குப் படிக்கும் நேரம் போகிறதே என்று கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேக்கா சந்தையில் வாழையிலைக் கடைக்காரரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவிலேயே முதன்முதலில், 1947இல், ஜாஸ் இசைக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய டெக்சஸ் மாநிலத்து டென்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் என் மகள் படிக்கிறாள், அங்கே பயிற்சி நடக்கும் நேரத்தையே குழுக்களுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள், அவற்றில் தலையாயது ஒரு மணிக் குழு, அதில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறாள், ஆல்பம் வரப்போகிறது என்றெல்லாம் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்குப் பகல் ஒரு மணி என்றால் எங்களுக்குப் பின்னிரவு இரண்டு. மார்ச்சில் நீங்கள் கடிகாரத்தை மாற்றும்வரை மூன்றாக இருந்தது. எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இதையெல்லாம் உன்னிடமிருந்து கேட்டிருக்கலாம். தம்பிக்குச் சொல்கிறாய், எனக்குச் சொல்வதில்லை. மதி அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வர டிக்கெட் வாங்கிவிட்டாய் என்பதும் அவன் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. மூன்றாவது பாட்டில் உனக்குத் தந்த தனி ஆவர்த்தனத்தை வேறொரு பையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாயாமே. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

இரவில் குளிர் இன்னும் இருக்கும். பெரியம்மா கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். சாப்பிடு.

பொங்கலன்று தொலைபேசியில் நான் பேசியது எனக்கு மறக்கவில்லை. மதி அக்கா கல்யாணத்துக்கு வராமல் அப்படி என்ன பாட்டு, அத்தை முகத்தில் நான் எப்படி விழிப்பேன், பணம் கட்டுகிறவன் நான் என்றேன். கடைசியில் "ஊதுவதற்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?" என்றும் கேட்டேன். அந்தச் சொல் என் வாயில் புதிதாக வந்ததில்லை, கயல். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைத்துவிட்டேன்.

தாத்தாவின் கேசட் எங்கே என்று நீ என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாய்! பழைய வீட்டிலிருந்து மாறி வரும்போது பூஞ்சை பிடித்துப்போனது என்று சொல்லிவந்தேன். அது பொய். பூஞ்சை பிடிக்கவில்லை. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பெரியப்பா பெருமாள் கோயிலில், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், தூணோரம் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது அது. தாத்தா வாசித்ததற்கு வேறு பதிவே கிடையாது. 1994 டிசம்பர் 17, மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம். மலேசியாவின் ஷா ஆலமுக்கு ஊரே போயிருந்தது. எனக்கு வேலை, போக முடியவில்லை. வானொலி வர்ணனையையாவது பதிவு செய்துவைக்க வேண்டும் என்று வெற்றுக் கேசட் தேடினேன், கிடைக்கவில்லை. தாத்தாவின் கேசட்டை எடுத்தேன்.

தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. யாரும் அழித்துவிடக் கூடாது என்று பெரியப்பா அதன் மேல்விளிம்பில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவைத்திருந்தார். அந்த ஓட்டைகளை அடைத்தால்தான் பதிவாகும். செலோடேப்பைக் கத்தரித்து, மடித்து, இரண்டையும் நானே அடைத்தேன். தாத்தாவுக்குப் பல் போய், ஊதுவதை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். அவர் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார்.

ஏன் செய்தேன் என்றால், எனக்கு அது வெட்கமாக இருந்தது. தேசிய சேவையில் கூட இருந்தவர்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது கோயில் அலுவலகத்தில் எழுத்தர் என்றேன். வீட்டில் அவரிடமே, "ஊதி ஊதி என்ன கண்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன்.

கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆட்டத்தின் ஒரு பாதியும் 45 நிமிடம். சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வென்றது. போன வாரம் அம்மா தூங்கியபின் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்டேன். ஆரவாரம் மட்டும்தான். தாத்தா ஒரு மூச்சுகூட இல்லை. கோயிலில் அன்று அவர் விரிவாக வாசித்தது கல்யாணி ராகம் என்பார் பாட்டி. பெரியப்பா பூர்விகல்யாணி என்று அடித்துச் சொல்வார். தீர்த்துவைக்க இனி யாராலும் முடியாது. பெரியப்பாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அத்தையிடம் நேற்றே போய்ப் பேசிவிட்டேன். கயல் வரமாட்டாள், அவளுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, அவளை வரவேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றேன். அத்தைக்குக் கோபம்தான். காப்பி போடக்கூட எழுந்திருக்கவில்லை. மதிதான் வாசல்வரை வந்து, "ஆல்பம் வந்ததும் எனக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள், மாமா" என்றாள்.

டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. திரும்பக் கிடைக்காது என்றால் போகட்டும். பணத்தை நான் அனுப்புகிறேன். ஆனால் நாளைக்கே உங்கள் பேராசிரியரைப் போய்ப் பார். விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில் வெட்கம் இல்லை. அந்தப் பையனிடமும் நேரில் பேசு, அவன் மனம் நோகாமல் சொல். கொடுக்க மாட்டோம் என்றாலும் பரவாயில்லை, உன் இருக்கையை விடாதே.

ரீட் போதுமான அளவு இருக்கிறதா? தாத்தா எப்போதும் நாயனத்தில் செருக, ஊறிப் பழகிய இரண்டு சீவாளிகளைத் தயாராக வைத்திருப்பார். நீயும் புதியதை அன்றைக்கு எடுக்காதே.

மூன்றாவது பாட்டை எந்த நாளில், எத்தனை மணிக்குப் பதிவு செய்கிறார்கள் என்று மட்டும் எழுது. உங்கள் நேரத்தையே எழுது, கணக்கு நான் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா