வோல்ட்டைக் கூட்டினால் கேவியைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இளைஞர் இணைப்பில் ரிமோட் கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கி (மண்ணில் ஓட்டிக் குதிக்க விடும் கார்), பினியன் (மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்), லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்ற சொற்களையெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் பார்ப்பதே சந்தோஷம், அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் நான்கு செல் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆறு செல் போட்டால் அதே பக்கி ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும் என்ற அந்த யோசனையை மட்டும் அப்படியே விட முடியவில்லை. அதை நம்பிப் பத்துப் பையன்களாவது அப்பாவிடம் காசு கேட்டிருப்பார்கள்.

கணக்குப்படி அது சரிதான். லிப்போ செல் ஒன்று பெயரளவில் 3.7 வோல்ட், முழுசாக சார்ஜ் ஏறினால் 4.2. ஆக 4எஸ், அதாவது நான்கு செல், என்றால் முழு சார்ஜில் 16.8 வோல்ட், 6எஸ் என்றால் 25.2. மோட்டாரின் மேல் 2200 கேவி என்று இருந்தால், சுமை எதுவும் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று என்று பொருள் (கிலோவோல்ட் இல்லை, கடைக்காரரே சில சமயம் அப்படிச் சொல்கிறார்). 1:8 ஸ்கேல் (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு) பக்கியில் 46 பல் ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), 15 பல் பினியன், டிஃபரென்ஷியலில் (சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கியரில்) 43-க்கு 11 என்று வைத்துக்கொண்டால், மோட்டார் ஏறக்குறைய 12 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். டயர் 114 மி.மீ. என்றால் 4எஸ்ஸில் மணிக்கு 66 கி.மீ., 6எஸ்ஸில் 99. காற்று, மண், ஓடும்போது வோல்ட் இறங்குவது எல்லாம் போக நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் ஒன்றரை மடங்கு என்பது பொய்யில்லை.

அந்த ஒன்றரை மடங்குக்கு வண்டி என்ன விலை கொடுக்கிறது என்பதுதான் கட்டுரையில் இல்லை. மோட்டார் 37,000 சுற்றிலிருந்து 55,000-க்கு மேல் போகிறது. இந்த அளவு மோட்டார்களுக்குப் பல கம்பெனிகள் சொல்லும் எல்லையே 50,000, 60,000 என்றுதான் இருக்கிறது. டயர் பலூன் மாதிரி உப்பி நடுப்பகுதி மட்டும் தரையில் படும், பிடி போய்விடும், ரிம்மோடு ஒட்டிய இடம் பிய்ந்துகொள்ளும். டிஃபரென்ஷியல் பற்கள் மழுங்கும். அப்புறம் மூன்றரை கிலோ எடையுள்ள ஒரு பொருளின் வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிறது. கார்ப்பரேஷன் மைதானத்தில் ஒரு பக்கம் கிரிக்கெட், இன்னொரு பக்கம் நடைப்பயிற்சி நடக்கும்போது இதை ஓட்டச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் 6எஸ் போன்ற ஹை வோல்ட்டேஜ் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் வேகத்துக்காக இல்லை. வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வருவது. 1000 வாட் வேண்டும் என்றால் 14.8 வோல்ட்டில் சுமார் 68 ஆம்ப் இழுக்க வேண்டும், 22.2 வோல்ட்டில் 45 ஆம்ப் போதும். கம்பியிலும் கனெக்டரிலும் வரும் சூடு ஆம்பின் இருமடியைப் பொறுத்தது, அதனால் அதே கம்பி, அதே கனெக்டரில் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இஎஸ்சியும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நிம்மதியாக வேலை செய்யும், ஆனால் அதற்குள் அதிக வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டுகளின் (மின் சுவிட்சுகளின்) தடை பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் என்பதால் அங்கே லாபம் முழுசாகக் கிடைக்காது. இந்த லாபமெல்லாம் வேகத்தை அதே இடத்தில் வைத்தால்தான் வரும். 4எஸ்ஸில் 2200 கேவி ஓட்டியவர் 6எஸ்ஸுக்குப் போனால் 1450, 1500 கேவி பக்கம் உள்ள மோட்டாரை எடுக்க வேண்டும். அப்போது சுற்று எண்ணிக்கை அதே 37,000, ஆம்ப் மட்டும் குறையும். பழைய 2200-ஐயே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றினால் ஆம்ப் குறையாது, கூடும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான பவர் வேகத்தின் மும்மடி கணக்கில் ஏறுவதால் எல்லாமே சேர்ந்து சூடாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஹை வோல்ட்டேஜ் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. மோட்டாருக்குள் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஒரே அளவு மோட்டாரில் கேவியைக் குறைக்க மெல்லிய கம்பியை அதிகச் சுற்றாகச் சுற்றுகிறார்கள், தடை கூடிவிடுகிறது, குறைந்த ஆம்பில் மிச்சப்பட்டது அங்கே போய்விடுகிறது. பேட்டரியும் அப்படித்தான். 4எஸ் 5000 எம்ஏஎச் பேட்டரியில் 74 வாட்-அவர் இருக்கிறது, 6எஸ் 3300 எம்ஏஎச்சில் 73. எடையும் ஏறக்குறைய அதேதான். ஆறு செல் போட்டால் ஓடும் நேரம் கூடும் என்று சொல்கிறவர்கள் அதே எம்ஏஎச்சில் ஆறு செல் வாங்கி, அரைக்கிலோவுக்கு மேல் இருந்த பேட்டரியை இன்னும் ஒன்றரை மடங்கு எடையாக்கிவிட்டுத்தான் சொல்கிறார்கள். பக்கி என்பது இலேசாகக் குதித்து நேராக இறங்க வேண்டிய வண்டி, அதில் அந்த எடை நன்றாகவே தெரியும்.

அதனால்தான் பந்தயக்காரர்கள் இதில் நிதானமாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரிமோட் கார் பந்தய அமைப்பான ரோரின் விதிகளில் 1:8 மின் பக்கிக்கு 4எஸ்தான் உச்சம். மண் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் 4எஸ்ஸும் 1900 முதல் 2200 வரை கேவியுமாக ஓட்டுகிறார்கள், வளைவில் வண்டி பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் 1900 பக்கம் போகிறார்கள். இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. ஆர்மா கம்பெனியின் டைஃபான் 6எஸ் பக்கி 2050 கேவி மோட்டாரோடுதான் வருகிறது, முழு சார்ஜில் 51,000 சுற்றைத் தாண்டும். அது அதற்கென்றே கட்டப்பட்ட வண்டி, திறந்தவெளியில் வேகமாக ஓட்டவும் குதிக்க விடவும் விற்கிறார்கள், கியரும் இஎஸ்சியும் அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து 4எஸ்ஸுக்கான வண்டியில் 6எஸ் சொருகுவது வேறு கதை. என்னைக் கேட்டால், எடை கூடிய மான்ஸ்டர் டிரக், டிரக்கி (பெரிய சக்கரம் போட்ட, பக்கி மாதிரியான வண்டி) வைத்திருப்பவர்களுக்கு 6எஸ் நியாயம். பக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு 4எஸ்ஸே அதிகம்.

சரி, முடிவு செய்துவிட்டீர்கள், 6எஸ்தான் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை இல்லை, இஎஸ்சியை. அதன் மேல் 4எஸ் வரை என்று அச்சடித்திருந்தால் அதை எல்லையாகவே எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் கெபாசிட்டர், மாஸ்ஃபெட் எல்லாம் அந்த வோல்ட்டுக்குத்தான் போட்டிருப்பார்கள். பேட்டரியில் எச்வி (ஹை வோல்ட்டேஜ் செல்) என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம், அந்த வகை செல் 4.35 வோல்ட் வரை ஏறும், ஆறு செல்லுக்கு 26.1 ஆகிவிடும், 25.2-க்கு என்று செய்த இஎஸ்சிக்கு அது கூடுதல். அதே எச்வி முறையில் சாதாரண லிப்போவை சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவது. பேட்டரி மேல் 100சி, 120சி (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்ப் கொடுக்கும் என்ற கணக்கு) என்று போட்டிருப்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 100சி என்றால் 500 ஆம்ப், ரிமோட் கார் பேட்டரியின் கம்பியைப் பார்த்தாலே அது நடக்காது என்று தெரியும். செல்களின் உள்தடையைக் காட்டும் சார்ஜர் ஒன்று இருந்தால் அதுதான் உண்மையைச் சொல்லும். 6எஸ் பேட்டரியைச் சொருகும்போது பட்டென்று தீப்பொறி வரும், இஎஸ்சியின் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது அது. எக்ஸ்டி90-எஸ் கனெக்டரில் அதற்காகவே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள், அதை வாங்குங்கள். இஎஸ்சிக்கும் பேட்டரிக்கும் நடுவே கம்பியை நீட்டாதீர்கள், நீண்ட கம்பியும் கெபாசிட்டரைக் கொல்லும்.

நம் ஊர் வெயிலை எந்த மேனுவலும் கணக்கில் எடுப்பதில்லை. மோட்டாரை 80 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுற்றுப்புற வெப்பம் 20 டிகிரி இருக்கும் ஊரில் அதற்கு 60 டிகிரி இடம் இருக்கிறது. மே மாதத்துக் கரூரிலோ வேலூரிலோ வெளியே 40 என்றால் மிச்சம் 40தான். இங்கே பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்துப் போடுவதே புத்திசாலித்தனம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது, புது கியர் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ரிசீவரில் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியைத் தானே நிறுத்தும் அமைப்பு) வைத்திருக்கிறீர்களா என்பதை, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துவிட்டு அப்புறம் மைதானத்துக்குப் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் மூலம் பேட்டரி வரவழைப்பது நம்மிடம் வழக்கம், அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. விமானத்தில் தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுவரவே முடியாது. 6எஸ் 5000 எம்ஏஎச் ஒன்று 111 வாட்-அவர். அதையே இரண்டு 3எஸ் பேட்டரியாக வாங்கினால் தலா 55.5 வாட்-அவர்தான், வண்டியில் வரிசையாக இணைத்துக்கொள்ளலாம். மாமா விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பார்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரில் அடுத்து எந்த வண்டியைப் பற்றி எழுதினாலும் எத்தனை எஸ் என்பதோடு மோட்டாரின் கேவி, பினியன் பல், இஎஸ்சியின் உச்ச வோல்ட் இந்த மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பதையும், உப்பிய பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போடவே கூடாது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கோவை வாசகர்