நார்மல் என்ற ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள், சித்தி

அன்புள்ள சித்தி,

பாலக்கோட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் வராததற்கு முழங்கால் வலி என்றார் சித்தப்பா. அன்று ராத்திரி அம்மாதான் உண்மையைச் சொன்னாள். 7 மாதமாகத் தண்ணீராகவே போகிறதாம். ரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. நடுராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறீர்களாம். பென்னாகரத்தில் பஸ் ஏறினால் வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்தில் வீட்டோடு இருந்துவிட்டீர்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தும் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், இது மனசு சம்பந்தப்பட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்.

மனசில் ஒன்றும் இல்லை, சித்தி. அம்மா ஒன்றரை வருஷம் இதே அவஸ்தையைப் பட்டாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பொதுவில் எழுதுகிறேன். வெளியே சொல்லக் கூசும் வேறு பெண்களும் படிக்கட்டும்.

அவளுக்கும் முதல் கொலனோஸ்கோப்பி நார்மல்தான். ‘டென்ஷனைக் குறைங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். களியை விட்டாள், காரத்தை விட்டாள், கடைசியில் வெறும் கஞ்சியில் 7 கிலோ இளைத்தாள். சேலத்தில் பார்த்த இரண்டாவது டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?” என்று கேட்டார். அனுப்பவில்லை.

அம்மாவுக்கு வந்த நோயில் குடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கோளாறு மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அதனால்தான் மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் என்று பெயர். பெருங்குடலின் வலது பக்கம், இடது பக்கம் இரண்டிலும் சில இடங்களில் கடுகளவு சதை கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல்படலத்தில் 100 செல்லுக்கு 20 அல்லது அதற்கு மேல் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் புகுந்திருந்தால் அது ஒரு வகை. அதற்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதப் பட்டை 10 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) மேல் தடித்திருந்தால் இன்னொரு வகை. 1976இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் முதலில் எழுதியது இந்த இரண்டாவதைத்தான். அம்மாவுக்கும் அதுதான். 50 வயது தாண்டிய பெண்களுக்கே இந்த நோய் அதிகம்.

அடுத்து, சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டச் சொன்னார் சேலத்து டாக்டர். அம்மா மஞ்சப்பையிலிருந்த பேப்பர் கவரை மேஜைமேல் கவிழ்த்தாள். எல்லாம் மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டைகள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத் தினமும் ஒரு ஒமிப்ரசோல், 3 வருஷமாக. இரண்டையும் விரலால் தனியே நகர்த்தி வைத்தார். இந்த வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் எல்லாம் இந்த நோயைக் கிளப்பிவிடலாம் என்றார். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்பு ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மூட்டுவலி இல்லாத வீடு நம் பக்கம் குறைவு, அந்த இரண்டு அட்டையும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் வீட்டு அலமாரியிலும் பார்த்திருக்கிறேன். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கவரோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தைராய்டுக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை.

மருந்து புடெசோனைடு, தினமும் 9 மில்லிகிராம். ஸ்டீராய்டு என்றதும் அம்மா மிரண்டாள். குடலில் வேலை செய்தபின் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும், உடம்புக்குள் போவது கொஞ்சம்தான் என்று டாக்டர் விளக்கினார். பத்தாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து, “இன்னைக்கு ஒரு தடவைதான் போனேன்” என்று குரல் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. 8 வாரம் கழித்து நிறுத்தினார்கள், இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. பலருக்கும் அப்படித்தான் வருமாம். இப்போது தினம் 3 மில்லிகிராமில் நிற்கிறது, கூடவே எலும்புக்குக் கால்சியம். காபியைக் குறைத்தாள், களிக்குத் திரும்பிவிட்டாள். பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இதனால் கூடுவதில்லை, அந்தப் பயமும் உங்களுக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை காரோடு வருகிறேன். ரிப்போர்ட்டையும் மாத்திரைக் கவரையும் எடுத்து வையுங்கள், சேலத்துக்குப் போய்வருவோம். தொப்பூர் வரைக்கும் எந்தெந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று அம்மாவுக்கு மனப்பாடம். அவளும் கூட வருகிறாள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்