மருந்தகத்தில் இருக்கும் அந்த அக்காவுக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்

எச்ஐவி மாத்திரையும் ஆஸ்துமா இன்ஹேலரும் ஒன்றோடொன்று மோதி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் என் அட்ரீனல் சுரப்பி முடங்கிப்போனது உங்களுக்கெல்லாம் தெரியும், முழுக்கதையையும் மறுபடி சொல்ல இப்போது தெம்பில்லை. அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் காலை நேர அளவு ஏறியிருக்கிறது, சுரப்பி மெல்ல வேலைக்குத் திரும்புகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட கையோடு எழுதுகிறேன்.

முதல் நன்றி, எனக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்கு. முகம் உப்பியதையும் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனதையும் எச்ஐவி மாத்திரையின் பக்கவிளைவு என்றே எல்லோரும் நினைத்தபோது, அவர் ஒருவர்தான் "மாத்திரை சரி தம்பி, வேறு ஏதாவது மூக்கில் அடிக்கிறீர்களா, வாயால் இழுக்கிறீர்களா, மூட்டில் ஊசி போட்டீர்களா?" என்று கேட்டார். ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்துக் காட்டினேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் எந்தப் பெயரையும் சத்தமாகச் சொல்லவில்லை. சீட்டை என் பக்கம் திருப்பி வைத்து, என் எச்ஐவி மருந்தான ரிடோனவிர் என்பதைப் பேனா முனையால் தொட்டார், அடுத்து இன்ஹேலரில் இருந்த ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டின் பெயரைத் தொட்டார். உள்ளே போய் டாக்டருக்கு அவரே போன் போட்டார். திரும்பி வந்து, "நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் ஆபத்து" என்றார். ரிடோனவிர் கல்லீரலில் அந்த ஸ்டீராய்டைச் சிதையவிடாமல் தடுக்குமாம், அது ரத்தத்தில் சேரச் சேர அட்ரீனல் கார்ட்டிசால் சுரப்பதையே விட்டுவிடுமாம். கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்ஐவி மருந்துகளுக்கும் இதேதான். நோயின் பெயர் வெளியே கேட்டுவிடுமோ என்று கூனிக்குறுகி நின்ற எத்தனையோ வரிசைகளுக்குப் பிறகு, என் மானத்தையும் உயிரையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்ட மனுஷி அவர்.

ரிடோனவிரை விட்டு டோலுடெக்ராவிர் என்ற வேறு எச்ஐவி மாத்திரைக்கும், ஃப்ளூட்டிகசோனை விட்டு பெக்ளோமெத்தசோன் என்ற வேறு இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கும் மாற்றி, குறைந்துபோன கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொடுத்துத் தேற்றிய இரண்டு டாக்டர்களுக்கும், விடியற்காலை ரத்தம் எடுத்த லேப் தங்கைக்கும், ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்களுக்கும் நன்றி.

காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரட்டிப்பாக்கவேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசிக்கு ஓடவேண்டும் என்று எழுதிய அட்டை இப்போது எப்போதும் என் சட்டைப் பையில். எச்ஐவியோடு வாழும் நம் குழுவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அக்கா கேட்ட கேள்வியை இனி நான் கேட்பேன். நீங்களும் அடுத்த முறை போகும்போது மாத்திரைப் பெயர்களோடு இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, தோலில் தடவும் களிம்பு எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.